ஏர்க்கால் இல்லாத வண்டி

வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட தங்கும் வண்டியை, உடல்நலக் குறைவினால் அவர் கையாள முடியாமற்போனால், அதற்கு ஈடான வேறொரு வண்டியை ஒரு மாதத்துக்குள் அவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் திணைக்களக் கைந்நூலில் பதினெட்டாம் அத்தியாயம், ஏழாம் பிரிவு. அந்தப் பிரிவு அச்சேறிய நாளிலிருந்து யாருக்காவது பிரயோகிக்கப்பட்டதாக நான் அறியேன். ஆனால் அது இருந்தது. இருக்கிற விதியை இல்லாததுபோல் நடத்துவது எனக்கு எப்போதும் பிடிக்காத காரியம்.

என் வேலை கிணறுகளை அளப்பது. கொட்டியாரக் குடாவைச் சுற்றியும், வடக்கே நிலாவெளிக் கரையிலும், கடல் எவ்வளவு தூரம் கிணறுகளுக்குள் வந்திருக்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு கிணற்றிலும் காலையும் மாலையும் நீர்மட்டம் எடுத்து, போத்தலில் மாதிரி எடுத்து, உப்பைக் கணக்கிட்டு எழுத வேண்டும். ஓர் ஊரில் நாலு நாள் நிற்காமல் அது முடியாது. முன்பு அரசாங்க விடுதிகளில் தங்கினோம். யுத்தம் தொடங்கியபின் ஒரு விடுதியில் படையினர் இருந்தார்கள், இன்னொன்றில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன, மூன்றாவதற்குக் கூரை இல்லை. ஆகவே எனக்கு ஒரு கரவனும் அதை இழுக்க ஒரு ஜீப்பும் தரப்பட்டன.

கரவன் நல்ல வண்டி. ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த மூலைக் குசினி, போத்தல்களுக்கு ஓர் அலுமாரி. பதினொரு வருடம் மாதத்தில் பாதிநாள் அதற்குள்தான் வாழ்ந்தேன். அதற்கு ஒரேயொரு குறை. ஜீப்போடு அதைத் தொடுக்கும் நீட்டு இரும்பை, மாட்டுவண்டிக்குச் சொல்வதுபோல ஏர்க்கால் என்றே நாங்கள் சொல்வோம். அது அந்தக் காலத்து மொடல். தாங்கிப் பிடிக்க முன்சில்லு கிடையாது. ஏர்க்காலைக் கையால் தூக்கித்தான் கொழுக்கியில் மாட்டவேண்டும், கையால் தூக்கித்தான் கழற்றவேண்டும்.

நிலாவெளி வீதியில் அது பெரிய விடயமல்ல. ஆனால் தெற்கே இலங்கைத்துறைக்குப் போவதென்றால் கிண்ணியாத் துறை, உப்பாறு, கங்கை, அதற்கப்பால் இன்னுமொன்று என்று நாலு இடத்தில் தண்ணீரைக் கடக்கவேண்டும். அன்று பாலங்கள் இல்லை. வாகனங்களை ஏற்றிக் கடத்தும் தட்டை மிதவையை இங்கே பாதை என்பார்கள். ஜீப்பும் கரவனும் சேர்ந்தால் அதற்கு நீளம் கூட. கழற்றி, இரண்டு தடவையாகக் கடத்தி, அக்கரையில் திரும்பவும் மாட்டவேண்டும். துறைகளில் உதவிக்கு ஆட்கள் கை கொடுப்பார்கள். சோதனைச் சாவடிகளில் அதுவும் இல்லை. அங்கேயும் கழற்றிக் காட்டவேண்டும், ஆனால் வாகனத்தோடு சாரதி மட்டுமே நிற்கலாம், மற்றவர்கள் ஐம்பது யார் தூரம் தள்ளிப் போய்விடவேண்டும். என் சாரதி முந்திய வருடமே கனடாவுக்குப் போய்விட்டார். அந்த வெற்றிடம் விரைவில் நிரப்பப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. கடிதம்தான் வந்தது. ஆகவே சாரதியும் நானே.

தைப்பொங்கல் கழிந்த கிழமை, கிண்ணியாத் துறையடிச் சாவடியில் ஏர்க்காலைத் தூக்கியபோது, இடது தோளிலிருந்து தாடைவரை யாரோ கம்பி இழுத்துக் கட்டியதுபோல ஒரு வலி வந்தது. ஏர்க்காலைக் கீழே போடாமல் மெதுவாக வைத்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு மணலில் இருந்தேன். பாதையின் மேற்பார்வையாளர், கிண்ணியாக்காரர், சாவடி ஒழுங்கு ஒன்றையும் பார்க்காமல் ஓடிவந்து என்னைத் தூக்கினார். காவலில் நின்ற சிப்பாயும் அவரைத் தடுக்கவில்லை.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் என் மகன் வயதுக்காரர். வீட்டுக்கு விடும் நாளன்று கட்டிலருகே நின்று சொன்னார்:

"சேர், நடக்கலாம். வாகனம் ஓட்டலாம். தூக்கக் கூடாது."

"எவ்வளவு வரைக்கும்?"

"ஒரு வாளி தண்ணிகூட வேண்டாம்."

"எழுதித் தாங்கோ."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு எழுதித் தந்தார்.

லீவு விண்ணப்பத்தில் "சுகவீனம்" என்று மட்டும் எழுதினேன். நோயின் பெயரைக் குறிப்பிடவேண்டும் என்று கைந்நூலில் எங்கும் இல்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு திணைக்களக் கந்தோருக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டை என் மனைவி கொண்டுவந்தார், உப்பில்லாத சாப்பாடு. உப்பளக்கிறவனுக்கு உப்பை நிறுத்திவிட்டார்கள் என்று அவருக்கு ஒரே பகிடி. முற்றத்து வாகை மரத்தின் கீழ் நிழலுக்காக நின்றவர், அங்கே கிடந்த பழைய வான் வண்டியைச் சுற்றி வந்தார். எங்கள் திணைக்களத்தின் பிரசாரப் பகுதி, ஊரூராகப் போய்ப் பொழுதுபட்டபின் விவசாயப் படம் காட்டிய வான் அது. ஊரடங்குச் சட்டம் வந்தபின் யார் இருட்டில் படம் பார்ப்பது? ஐந்து வருடமாக அது காகங்களின் பாவனையில் இருந்தது.

"இஞ்சேருங்கோ, உதுக்குள்ள கட்டில் மாதிரி ஒண்டு கிடக்கு" என்றார், யன்னலுக்குள் எட்டிப் பார்த்தபடி. "அலுமாரியும் கிடக்கு. ஒரு அடுப்பு வைக்கலாம்."

"படப்பெட்டி வைக்கிற மேடை அது."

"நீங்கள் படுத்தா அது கட்டில்." முன்பக்கமாய் நடந்தார், பின்பக்கமாய் நடந்தார். "இதில ஏர்க்கால் இல்லையே."

எனக்கு அதைக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது என்பதில் சிறு வெட்கம்தான். தானே ஓடும் வண்டி. கழற்ற ஒன்றுமில்லை, மாட்ட ஒன்றுமில்லை. பாதையில் ஒரே தடவையில் ஏறும், சாவடியில் கதவைத் திறந்து காட்டினால் போதும். அன்று பின்னேரமே ஏழாம் பிரிவைக் காட்டி, டொக்டர் எழுதித் தந்த துண்டை இணைத்து, விண்ணப்பம் எழுதிப் பிரதம எழுதுவினைஞரிடம் கொடுத்தேன். அவர் நகரத்துப் பெண்பிள்ளை. என்னிடம் கோப்பு வேலை பழகியவர், இப்போது என்னைவிட நன்றாகச் செய்பவர். இரண்டு தடவை வாசித்தார்.

"சேர், இத அனுப்பட்டோ?"

"ஏன், பிழையோ?"

"பிழை ஒண்டும் இல்ல. எல்லாம் சரியா இருக்கிறதுதான் பிழை. இந்தத் துண்டைப் பாத்தவுடன மருத்துவச் சபைக்கு அனுப்புவினம். தூக்க ஏலாத ஆள் வெளிக்களத்துக்கு ஏலாத ஆள் எண்டு சபை எழுதும். பிறகு உங்களுக்குக் கொழும்பில ஒரு மேசை. இல்லாட்டி வீடு. வானும் இல்லை, கிணறும் இல்லை."

இருபத்திரண்டாம் அத்தியாயம், மூன்றாம் பிரிவு. எனக்குத் தெரியாததல்ல. வானைப் பெற நான் நோயாளி என்று நிரூபிக்க வேண்டும், வேலையைக் காக்க நான் நோயாளி இல்லையென்று நிரூபிக்க வேண்டும். இரண்டு பிரிவையும் எழுதியவர்கள் ஒரே அறையில் இருந்திருக்க மாட்டார்கள்.

அன்று மனைவி ஒரு தடவை கேட்டார், ஒரே தடவைதான்: "அந்தக் கொழும்புக் கதிரை அவ்வளவு கூடாதோ?"

"கதிரை கூடாதெண்டில்லை. அதில இருந்து பாத்தா கிணறு தெரியாது."

நான் வீரம் பேசவில்லை. குறிஞ்சாக்கேணியில் அகதிகளாய் வந்த சனம் புதுக்கிணறு வெட்ட எங்கே மண்வெட்டியைப் போடுவது என்று என் வரைபடத்தைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாம், எதில் கரைக்கக் கூடாது என்று அந்தந்த ஊர்த் தாய்மார் என்னைத்தான் கேட்டார்கள். எனக்குப் பதிலாக வர ஒருவரும் இல்லை, சாரதி வெற்றிடத்தைப் பார்த்தவன் நான். பதினொரு வருட அளவீடு ஒரு வருடம் அறுந்தால், கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பிறகு யாராலும் சொல்ல இயலாது. வேலையில் நிற்பது என்று முடிவெடுத்தேன். எந்தப் பிரிவின் கீழ் நிற்பது என்பதுதான் மிச்சம்.

நோய் எனக்கு இருக்கக் கூடாது என்றால் கரவனுக்கு இருக்கலாமே. பாவனைக்கு உதவாது என்று கரவனைக் கழித்துவிட்டால் புது வண்டி தந்தே ஆகவேண்டும். இதை எழுதுவினைஞரிடம் சொன்னபோது அவர் அலுமாரியைத் திறந்து கரவனின் பதிவேட்டை எடுத்தார். காலாண்டுக்கு ஒரு பக்கம். வாசிக்கத் தொடங்கினார்.

"கூரை, மிக நல்ல நிலை. சில்லுகள், மிக நல்ல நிலை. கதவு, மிக நல்ல நிலை. கையெழுத்து ஆருடையது சேர்?"

"அடுத்த பக்கத்தைப் பார் பிள்ளை."

"அடுத்ததிலயும் மிக நல்ல நிலைதான். இஞ்ச ஒரு இடத்தில 'புதியதினும் மேல்' எண்டு எழுதியிருக்கிறியள்."

மற்ற உத்தியோகத்தர்கள் எல்லாரும் தங்கள் வண்டியைப் பற்றி "சுமார்" என்று எழுதிவைப்பார்கள். ஒரு நாள் உதவும் என்று. அரசாங்கச் சேவையில் யாரும் தன் பொருளை நல்லது என்று எழுதுவதில்லை. நான் எழுதினேன். நாற்பத்துமூன்று காலாண்டு, என் கைப்பட, கர்வத்தோடு. கீல்களுக்கு நானே எண்ணெய் விட்டேன், கூரைக்கு நானே வர்ணம் பூசினேன். ஒரு மழைத்துளி உள்ளே வந்ததில்லை. அந்தக் கரவன் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது, அதற்கு அத்தாட்சியும் என்னுடையதே.

ஜீப் கரவனை இழுக்க மட்டுமே, தனியே ஓட்ட அனுமதி இல்லை. ஆகவே பங்குனி தொடக்கத்தில் பஸ்ஸில் துறையடிக்குப் போனேன். என்னைத் தூக்கிய மேற்பார்வையாளருக்கு நன்றி சொல்லத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு ஒரு மறுப்பு வேண்டியிருந்தது. முப்பது வருடம் அனுமதி கேட்டுத் திரிந்தவன், முதற்தடவையாக மறுப்புக் கேட்டுப் போனேன். கரவனைப் பாதையில் ஏற்ற முடியாது என்று துறை மேற்பார்வையாளர் எழுதித் தந்தால், கரவனை வைத்துக்கொண்டு அக்கரைக் கிணறுகளை அளக்க முடியாது. அளக்க வேண்டுமானால் வேறு வண்டி வேண்டும். அந்தத் தருக்கத்தில் என் நெஞ்சு எங்கேயும் வராது.

அவர் தன் தகரக் கொட்டிலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். விடயத்தைச் சொன்னேன்.

"சேர், என்ன கேக்கிறீங்க எண்டு உங்களுக்கு விளங்குதா? பதினொரு வருசம் உங்கட பெட்டியக் கொண்டுபோய்க் கொண்டுவந்த நாங்க. ஒரு நாள் ஏலாதெண்டு சொன்னமா? காத்து, மழை, எல்லாத்திலயும். இப்ப ஏலாதெண்டு எழுதித் தரட்டாம்."

"ஓம். ஏலாதெண்டு எழுதித்தான் தாங்கோ."

"பொய் எழுத மாட்டன் சேர். அதுவும் ஹஜ் மாசத்தில."

"பொய் வேண்டாம்."

அவர் யோசித்தார். பிறகு சிரிப்பு ஒன்று மெதுவாக வந்தது. எழுந்து கொட்டிலுக்குப் பின்னால் போய், கையை ஆட்டிக் கூப்பிட்டார். அங்கே சுவரில் சாய்த்துவைத்த ஒரு பலகை. கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. உள்ளங்கையால் தூசியைத் துடைத்தார். பாதையில் ஏற்றக்கூடாதவை என்று ஒரு பட்டியல். மூன்றாவது வரி: இழுத்துச் செல்லப்படும் வண்டிகள், கழற்றிய நிலையிலும்.

"இது எப்ப தொடக்கம்?"

"நான் வேலைக்கு வர முந்தியே இருக்கு. காத்துக்கு விழுந்த பிறகு ஆரும் தூக்கி நாட்டல்ல. நீங்க வந்த முதல் நாள் அப்ப எனக்கு மேல இருந்த மூத்தவர் சொன்னார், 'அரசாங்க ஆள், தண்ணி பாக்கிற மனுசன், கழட்டி ஏத்துங்கடா' எண்டு. அதான் வழக்கமாப் போச்சு." தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தார். "எல்லாச் சட்டமும் உங்களுக்குத் தெரியுமெண்டு இஞ்ச பேர். இது மட்டும் தெரியாமப் போச்சே சேர்!"

எத்தனை தடவை கடந்திருப்பேன் என்று மனம் கணக்குப் போட்டது. அத்தனை கடப்பும் விதிமீறல். மற்றவர்களின் பயணப் பட்டியல்களில் ஒரு திகதி மாறினாலே சிவப்பு மையால் சுழித்தவன் நான்.

"எழுதுங்கோ," என்றேன். "பலகையில உள்ளபடியே எழுதுங்கோ."

"எழுதினா ஒரு விசயம் சேர். பிறகு உங்கட பெட்டிய இந்தத் துறையில ஏத்த மாட்டன். எழுத்தில தந்திட்டு ஏத்தினா எனக்கு மரியாத இல்ல. மத்தத் துறையாக்களுக்கும் சொல்லிப்போடுவன். வான் வராட்டி நீங்க இக்கரைதான்."

"வரும்."

"வராட்டி?"

"எழுதுங்கோ."

எழுதினார். தனியே ஓடும் வான் ஏறலாம் என்பதையும் கேட்டு ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தை முதலாம் இணைப்பாக வைத்துப் புது விண்ணப்பம் கொழும்புக்குப் போனது. டொக்டரின் துண்டு என் வீட்டு அலுமாரியில் வேட்டிகளுக்கு அடியில் போனது.

பிறகு காத்திருப்பு. புகையிரதம் ஓடினால் தபால் போகும். சில கிழமை ஓடியது, சில கிழமை ஓடவில்லை. ஒரு மாதத்தில் முதலாம் நினைவூட்டல், அடுத்த மாதத்தில் இரண்டாவது. கரவன் முற்றத்தில் நின்றது, மிக நல்ல நிலையில். வான் பக்கத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவே நான் போய்வந்தேன். கையெழுத்து இல்லாமல் வானின் சாவியைத் தொடமாட்டேன் என்று எழுதுவினைஞருக்குத் தெரியும், ஆனாலும் சாவியைத் தன் மேசை லாச்சியில் பூட்டிவைத்தார்.

அளவீட்டை நிறுத்தவில்லை. முதல் பஸ்ஸில் துறையடிக்குப் போய், சனத்தோடு சனமாய்ப் பாதையில் ஏறி, குறிஞ்சாக்கேணிக் கிணறுகளை அளந்து, ஊரடங்குக்கு முன்னே திரும்பினேன். போத்தல் பையை நான் தூக்கக் கூடாது. மனைவி தூக்கினார்.

"தூக்க ஏலாதது உங்களுக்கு. எனக்கு ஒருத்தரும் துண்டு எழுதித் தரேல்லை" என்றார்.

ஒரு நாள் திரும்பும்போது சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வரிசையாய்ப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் இலக்கம். சிப்பாய் பின்வாங்கினான். கிணற்றுத் தண்ணீர் என்று சிங்களத்தில் விளக்கினேன். திணைக்கள அடையாள அட்டையைக் காட்டினேன். குடித்துக் காட்டு என்றான். அரசாங்க மாதிரியைக் குடிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று நான் சொல்லத் தொடங்குமுன், மனைவி ஒன்றைத் திறந்து அரைவாசி குடித்துவிட்டார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துச் சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான், போகச் சொன்னான்.

"எத்தினையாம் இலக்கம்?" என்று கேட்டேன், பஸ்ஸில் ஏறியபின்.

"எனக்கெப்படித் தெரியும்? கடல்."

பதிவேட்டில் அந்த நாளுக்கு நேரே, பதினாறாம் இலக்கம், மாதிரி அருந்தப்பட்டது என்று எழுதி ஒப்பமிட்டேன். அப்படி ஒரு குறிப்பு அந்தப் புத்தகத்தில் அது ஒன்றுதான்.

ஆனால் ஒருநாட் பயணத்தில் இலங்கைத்துறைக்கு எட்ட இயலாது. அங்கே ஒன்பது கிணறுகள். மாசியிலிருந்து ஆடிவரை எல்லாக் கட்டமும் வெறுமை. ஆவணியில் அங்கிருந்து ஒரு மீன் வியாபாரி கந்தோருக்கு வந்து, பள்ளிக்கூடக் கிணறு கைக்கிறது, பிள்ளைகள் குடிக்கலாமோ என்று ஊரார் கேட்கச் சொன்னார்கள் என்றார். அளக்காமல் நான் என்ன சொல்வது? குடிக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அன்றைக்கே மூன்றாம், நாலாம் நினைவூட்டல்களை ஒன்றாக எழுதினேன். ஒன்று சாதாரண தபாலில், ஒன்று பதிவுத் தபாலில். ஒரே நாளில் இரண்டு நினைவூட்டல் அனுப்பக் கூடாது என்று விதி இல்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

மாரி தொடங்குமுன் பதில் வந்தது. எழுதுவினைஞர் உறையைப் பிரிக்காமலே என் மேசைக்குக் கொண்டுவந்தார், மற்றக் கையில் வானின் சாவி.

"பிரிக்க முந்தியே சாவியோ?"

"பாரமான உறை சேர். ஏலாதெண்டு சொல்ல ஒரு தாளே போதும்."

இரண்டு பந்தி. முதலாவது, துறை மேற்பார்வையாளரின் கடிதத்தைக் கருத்திற்கொண்டு, மேற்படி வான் வெளிக்களத் தங்குமிடமாகப் பயன்படுத்த எனக்கு ஒதுக்கப்படுகிறது, கரவனைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கவும். இரண்டாவது, இழுத்துச் செல்லும் வண்டிகள் துறையில் தடைசெய்யப்பட்டிருக்க, மேற்படி கரவன் கடந்த பதினொரு வருடமாக எவ்வாறு கடத்தப்பட்டது என்பதற்குப் பதினான்கு நாட்களுள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். இரண்டாம் பந்திக்குரிய படிவங்கள்தான் உறையின் பாரம்.

"இதுக்கு என்ன எழுதப்போறியள்?" என்றார்.

"உள்ளதை. பாதைக்காரரின்ர பெயர் வராமல், கையால தூக்கி எண்டு."

"தூக்கினது ஆரெண்டு கேப்பினம்."

"நான்தான். அப்ப ஏலும்."

விளக்கத்துக்குப் பதினான்கு நாள் இருந்தது. பள்ளிக்கூடக் கிணற்றுக்கு அவ்வளவு இல்லை. மனைவிக்குச் சொல்லியனுப்பினேன்: அடுப்பும் பாயும் நாலு நாளுக்கு அரிசியும். காகங்களைக் கலைத்து, பற்றரி பூட்டி, மூன்றாம் தடவை திருகியபோது வான் உயிர்த்தது. பயணப் பதிவேட்டின் முதற் பக்கத்தில் புறப்பாடு திருகோணமலை, சேரிடம் இலங்கைத்துறை என்று எழுதினேன். வண்டியின் நிலை என்ற கட்டத்தில், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுமார்" என்று எழுதினேன். அதிகாரம் என்ற கட்டத்தில் கொழும்புக் கடிதத்தின் இலக்கத்தையும், அது எங்கள் கையில் கிடைத்த திகதியையும் குறித்தேன்: ஒக்டோபர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை.